மணல் வைத்துவிட்டுப் போன திருடன்

தெரு நேராகத்தான் இருந்தது. கைப்பிடியும் நேராகத்தான் இருந்தது. அப்படியிருந்தும் பூட்டுக்காரர் முடுக்கியதும் வண்டி இடது பக்கமாக ஓடி, சலவைக்கடையின் இரண்டு படிகளை ஏறி, தேய்த்து அடுக்கியிருந்த சட்டைகளுக்கு முன்னால் போய் நின்று புகை விட்டது.

சலவைக்கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தார்.

"என்னண்ணே, துவைக்கணுமா, தேய்ச்சா மட்டும் போதுமா?"

"வழி விடுய்யா. வண்டி இழுத்துடுச்சு."

"ரோடு அங்கதானே இருக்கு?"

"அது எனக்குத் தெரியும். வண்டிக்குத் தெரியலை."

எதிர் வீட்டு ஜன்னலுக்குள் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை மிதித்துக்கொண்டிருந்தவர் பூட்டுக்காரரின் மனைவி. பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். காலை நிறுத்தாமலே குரல் கொடுத்தார்.

"படி உடைஞ்சு போச்சாங்க?"

"நான் உடைஞ்சேனான்னு கேக்க மாட்டியா?"

"நீங்கதான் பேசறீங்களே. படி பேசாதே."

மோட்டார் சைக்கிளும் அதன் இடுப்பில் ஒட்டிய சைடுகாருமாக வண்டியைக் கீழே இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. அந்தச் சைடுகாரைத் தெருவில் எல்லோரும் தொட்டி என்றார்கள். பார்த்தால் குளிக்கிற தொட்டிக்குச் சக்கரம் வைத்தது போலத்தான் இருக்கும்.

ஒழுங்காக மொபெட் ஓட்டிக்கொண்டிருந்த மனிதன் தொட்டி வைத்த வண்டியை எதற்கு வாங்க வேண்டும்? அதற்குக் காரணம் அவருடைய முதுகு.

பூட்டுக்காரர் யாரையும் நம்ப மாட்டார். முப்பது வருஷமாக ஊரார் வீட்டுப் பூட்டைத் திறந்து கொடுத்தவர். பாதி வீட்டுப் பூட்டு கொண்டை ஊசிக்குத் திறக்கும் என்று தெரிந்தவன் எப்படி நிம்மதியாக இருப்பான்? மழையில் நனைந்துகொண்டிருக்கும்போதும் கையை நீட்டிப் பார்த்த பிறகுதான் மழை என்று ஒப்புக்கொள்வார். முதுகுக்குப் பின்னால் ஆள் உட்கார்ந்தால் அவருக்கு அரிக்கும். பின்னால் இருக்கிறவன் என்ன செய்கிறான் என்று தெரியாதே! கல்யாணமான புதிதில் ஒருமுறை மனைவியை மொபெட்டில் பின்னால் ஏற்றிப் போனார். ஒரு மைலுக்குள் நாற்பது தடவை திரும்பிப் பார்த்தார். நாற்பத்தோராவது தடவை, நின்றுகொண்டிருந்த சிமெண்டு லாரியில் போய் முட்டினார். அன்றிலிருந்து அவர் மொபெட்டில் போவார், அந்த அம்மா பஸ்ஸில் போவார். பெரும்பாலும் அந்த அம்மாதான் முதலில் போய்ச் சேர்வார்.

இப்போது அதிலும் மண் விழுந்தது. மகள் இருக்கிற ஊர் நாற்பது கிலோமீட்டர். அந்த வழியில் ஓடின ஒரே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம். ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி வைத்திருந்தபோது பார்த்ததுதான். அதற்குப் பிறகு பாட்டியும் பேத்தியும் போனில்தான் பார்த்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை நல்ல பையன்தான்.

"மாமா, நான் கார்ல வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறேனே? ஒரு மணி நேரம்தானே?" என்றான்.

"வேண்டாம் மாப்பிள்ளை. என் பொண்டாட்டியை என் வண்டியில நானே கூட்டிட்டு வருவேன்."

மாப்பிள்ளைக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. விபத்து நடக்கும், விபத்து நடக்கும் என்று சொல்லியே பிழைக்கிறவன் ஓட்டுகிற காரில் எவன் ஏறுவான்? பூட்டுக்காரர் ஏற மாட்டார்.

அந்த வாரம்தான் தெருக்கோடி ஸ்டுடியோக்காரர் தன் பழைய வண்டியை விற்கப் போவதாகச் சொன்னார். தொட்டியில் கேமராவையும் விளக்கையும் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் படம் எடுத்தவர். பூட்டுக்காரருக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. ஆள் பின்னால் இல்லை. பக்கத்தில், கண்ணுக்கு எதிரே உட்காரலாம்.

ஸ்டுடியோக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பாடம் எடுத்தார். மனைவி தொட்டியில் ஏறி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நல்லாக் கேட்டுக்கோங்க. முடுக்கினா இடது பக்கம் இழுக்கும். பிரேக் போட்டா வலது பக்கம் தள்ளும். இடது பக்கம் வேகமாத் திருப்பினா தொட்டி மேல கிளம்பும். அதனால தொட்டியைக் காலியா ஓட்டாதீங்க. உக்காரப் போற ஆள் எடைக்கு எதையாவது வெச்சுத்தான் பழகணும். முக்கியமா உடம்பைச் சாய்க்காதீங்க."

"நான் இருபத்தாறு வருஷமா மொபெட் ஓட்டறேன்."

"அதான் கஷ்டம். ரெண்டு சக்கரம் ஓட்டிப் பழகின உடம்பு சொன்ன பேச்சுக் கேக்காது. ஒண்ணையுமே ஓட்டாதவங்களுக்கு இது சீக்கிரம் வந்துரும்."

பூட்டுக்காரர் தலையை ஆட்டினார். ஒரு வார்த்தையையும் நம்பவில்லை. விற்கிற பொருளில் இத்தனை குறை சொல்கிறவன் ஏதோ திட்டத்தோடுதான் சொல்கிறான் என்று முடிவு கட்டினார். வண்டியை ஸ்டுடியோக்காரரே ஓட்டிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். தொட்டியில் மனைவி, பின்னால் மொபெட்டில் பூட்டுக்காரர், இருவரையும் கண்காணித்தபடி.

மறுநாள்தான் சலவைக்கடை.

அன்று சாயங்காலம் மனைவி காலண்டரில் அந்த மாதத்து நான்காவது ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டார்.

"அன்னைக்கு நான் பேத்தியைப் பாக்கணும். இந்த வண்டியிலதான் போறோம்."

"எனக்கு வந்தாத்தானே போக முடியும்?"

"போறோம்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"அப்ப நாளையிலேர்ந்து நீ தொட்டியில உக்காரு. எடை வேணுமாம்."

"நீங்க கத்துக்கிட்டதுக்கு அப்புறம் உக்கார்றேன். சட்டைக்கு நடுவுல போய் நிக்கறதுக்கு நான் என்ன ஹேங்கரா?"

பூட்டுக்காரர் தனியாகவே காலித் தொட்டியோடு கிளம்பினார். ஊருக்கு வெளியே பைபாஸ் பக்கத்தில் ஒரு பெரிய பொட்டல் உண்டு. மூலையில் ஒரு பேக்கரி, மற்றபடி வெறும் மண். அங்கே போய் இடது பக்கம் திருப்பினார். பழக்கதோஷத்தில் உடம்பை நன்றாகச் சாய்த்தார். தொட்டி தரையை விட்டு எழுந்து, அவரோடு சேர்ந்து வானத்தைப் பார்த்தது. பயத்தில் வலது பக்கம் ஒடித்தார். தொட்டி தொப்பென்று உட்கார்ந்தது. பற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன.

பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வாசலுக்கு வந்தார்.

"அண்ணே, சர்க்கஸ் எத்தனை நாளைக்கு?"

பூட்டுக்காரர் யோசித்தார். இடது பக்கம் திரும்பினால் தொட்டி எழுகிறது. வலது பக்கம் திரும்பினால் எழவில்லை. சரி, இனிமேல் இடது பக்கமே திரும்பக் கூடாது. முடிந்தது விஷயம்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் பூட்டுக்காரர் வலது பக்கம் மட்டும் திரும்பி வாழ்ந்தார். வீட்டிலிருந்து அவருடைய கடை, இடது பக்கம் திரும்பினால் இரண்டாவது கட்டிடம். அவர் வலது பக்கம் திரும்பி, தபாலாபீஸைச் சுற்றி, மார்க்கெட்டைச் சுற்றி, மரக்கடையைச் சுற்றி, இருபது நிமிஷத்தில் கடைக்குப் போனார். மரக்கடைக்காரர் மூன்றாம் நாளே எழுந்து நின்று கும்பிடு போட ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி மகள் ஊருக்கு வலது திருப்பங்களிலேயே போய்ச் சேர ஒரு பாதை போட்டார். பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் இழுத்துக்கொண்டே போனார். மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"இது எங்கங்க வந்து முடியுது?"

பூட்டுக்காரர் பென்சில் முனையைப் பார்த்தார். அது அவர் வீட்டு வாசலில் இருந்தது.

"மணல் கட்டித் தொலைங்க," என்றார் மனைவி, மெஷினுக்குத் திரும்பிப் போய் மிதித்தபடி. "அந்த மனுஷன் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!"

"எவ்வளவு மணல்? உன் எடை என்ன?"

மெஷின் நின்றது. மூன்று வருஷத்தில் அந்த மெஷின் வேலை நேரத்தில் நின்றது அன்றுதான்.

"எதுக்கு?"

"மூட்டை கட்ட."

"அறுபது."

"அது எந்த வருஷத்து எடை?"

"அறுபதுன்னு சொன்னேன்."

பழைய இரும்புக்கடைத் தராசில் நிறுத்து, மூட்டைக்குப் பதினைந்து கிலோ வீதம் நான்கு மூட்டை மணல் கட்டினார். வண்டி கொஞ்சம் அடங்கியது. ஆனால் சாக்கில் ஓட்டை இருந்தது. அவர் எந்தெந்தத் தெருவில் போனார், எங்கே திணறினார், எந்தக் கதவில் இடித்தார் என்று ஊர் முழுக்க மணல் கோடு போட்டுச் சொன்னது. மூன்று தெருக்காரர்கள் துடைப்பத்தோடு அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே அவர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மனைவி எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, அன்றே நான்கு சாக்குக்கும் கெட்டித் துணியில் இரட்டைத் தையல் போட்டார்.

மனைவிக்கும் அந்தச் சமயத்தில் ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து நடக்கப் போவார். பூட்டுக்காரர் ஏழு மணி வரை குறட்டை விடுகிற ஆள். அவர் கண் விழிக்கும்போது மேசையில் பைபாஸ் பேக்கரி ரொட்டி இருக்கும்.

ஒருநாள் ரொட்டியைத் தொட்டவர் விரலை உதறினார்.

"பேக்கரி ரெண்டு மைல் இருக்கு. இது எப்படி இவ்வளவு சூடா இருக்கு?"

"வேகமா நடந்தேன்."

"பொய் சொல்றான்."

"யாரு?"

"பேக்கரிக்காரன்தான். நேத்து ரொட்டியைச் சுட வெச்சுக் கொடுக்கறான். நீ நம்பி வாங்கிட்டு வர்றே."

"சாப்பிடுங்க," என்றார் மனைவி.

மூன்றாவது வாரம்தான் அந்த மர்மம் ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமை வண்டியை எடுக்கப் போனவர் டாங்கிக்குள் குச்சி விட்டுப் பார்த்தார். தினமும் பார்ப்பார். டாங்கியையும் நம்ப மாட்டார். முந்தின நாள் வைத்த கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே இருந்தது பெட்ரோல். பிறகு தொட்டிக்குள் பார்த்தார். நான்கு மூட்டை வைத்த இடத்தில் ஐந்து மூட்டை இருந்தது.

திரும்ப எண்ணினார். ஐந்துதான்.

பெட்ரோல் திருடுகிறவனைப் பார்த்திருக்கிறார். மணல் திருடுகிறவனையும் கேள்விப்பட்டிருக்கிறார். பெட்ரோலை எடுத்துக்கொண்டு மணலை வைத்துவிட்டுப் போகிறவனை அவர் கண்டதே இல்லை.

ஐந்தாவது மூட்டையைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, தன் கடையிலேயே பெரிய பூட்டாக ஒன்று எடுத்து வந்து, சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினார். அவர் கையால் செய்த பூட்டு. சாவியைப் பழைய செருப்புக்குள் ஒளித்து வைத்தார். மறுநாள் சாவியைத் தேடினால் எங்கே வைத்தோம் என்று மறந்துபோயிற்று.

"ஏய், சாவியை எங்க வெச்சேன்?"

"பழைய செருப்புக்குள்ள," என்றார் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி.

"நல்லவேளை, நீயாவது பாத்தே."

போய்ப் பார்த்தால் பூட்டு பூட்டினபடியே இருந்தது. ஒரு கீறல் இல்லை. பெட்ரோல் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது. மூட்டை ஐந்து. அது மட்டுமா? முந்தின நாள் சேறு அப்பியிருந்த சக்கரத்தைத் துடைத்து வைத்திருந்தான். தொட்டிச் சக்கரத்தில் காற்றும் அடித்திருந்தான்.

பூட்டுக்காரர் பூட்டைக் கையில் பிடித்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பெட்ரோல் போனதற்கு இல்லை. தன் பூட்டைக் கீறாமல் திறக்கிற ஒருத்தன் இந்த ஊரில் இருக்கிறான்!

நேராக ஸ்டுடியோவுக்குப் போனார்.

"நீதானே இன்னொரு சாவி வெச்சிருக்கே?"

"அண்ணே, பூட்டு உங்களுது. சாவி எங்கிட்ட எப்படி வரும்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

பொட்டலில் புதுச் சக்கரத் தடம் கிடந்தது. மூன்று கோடு. இடது பக்கம் வளைந்து, வலது பக்கம் வளைந்து, எட்டுப் போட்டு, அழகாக முடிந்திருந்தது. அவர் போட்ட தடம் இல்லை. அவருடையது கோழி கிளறினது போல இருக்கும். பேக்கரிக்குள் நுழைந்தார்.

"விடியக்காலையில என் வண்டி இந்தப் பக்கம் வந்துச்சா?"

பேக்கரிக்காரர் அடுப்புக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

"வண்டி வந்துச்சுண்ணே."

"திருடனைப் பாத்தியா?"

"திருடன் யாரையும் நான் பாக்கலை."

"வண்டி தானா வருமா?"

"ரொட்டி கருகுதுண்ணே," என்றது அடுப்புக்குள்ளிருந்து குரல்.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு பொறுமையாகக் கேட்டார். கேட்கக் கேட்கப் பேனாவின் வேகம் குறைந்தது.

"பெட்ரோல் எடுக்கறான். சரி. மணல் வெச்சிட்டுப் போறான். வண்டியைத் துடைக்கறான். காத்து அடிக்கறான். திரும்பப் பூட்டிட்டுப் போறான்."

"ஆமாங்க."

"ஐயா, அவனைப் பிடிச்சா முதல்ல என் வீட்டுக்கு ஒரு வாரம் அனுப்புங்க. அப்புறம் கேஸ் எழுதிக்கலாம்."

இனி யாரையும் நம்பிப் பிரயோஜனம் இல்லை. மனைவியிடம் தடித்த தார்ப்பாயைக் கொடுத்தார்.

"தொட்டிக்கு மேல இறுக்கமா மூடி தைச்சுக் கொடு. சுத்தி எட்டு பக்கிள். வெளியிலேர்ந்து மாட்டினா உள்ள கை விட முடியக் கூடாது."

"உள்ளேர்ந்து கழட்ட வேண்டாமா?"

"உள்ள எவன் இருக்கப் போறான்? மணலா கழட்டும்?"

மனைவி தைத்துக் கொடுத்தார். அந்த அம்மா தைத்தால் யானை இழுத்தாலும் பிரியாது. பூட்டுக்காரர் மூடியைப் போட்டு எட்டு பக்கிளையும் மாட்டினார். மறுநாளும் அதே கதை. பெட்ரோல் குறைவு, மூட்டை ஐந்து, பக்கிள் எட்டும் மாட்டியிருந்தது. அவராவது ஒன்றைச் சுமாராக மாட்டியிருந்தார். திருடன் அதையும் சரியாக மாட்டியிருந்தான்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. இரண்டு நாளில் வட்டம் போட்ட ஞாயிறு. பூட்டுக்காரருக்கு இன்னும் இடது திருப்பம் பிடிபடவில்லை. நான்கு மூட்டையோடு போனால் ஒரு மாதிரி திரும்புகிறது. பிரேக் போட்டால் வலது பக்கம் பாய்கிறது. இப்படி ஒரு வண்டியில் மனைவியை உட்கார வைத்து நாற்பது கிலோமீட்டர் போவதா? தன்னையே அவர் அவ்வளவு தூரம் நம்பவில்லை. மாப்பிள்ளைக்குப் போன் செய்து காரைக் கொண்டு வரச் சொல்ல வேண்டியதுதான். ஐந்து தடவை போனைக் கையில் எடுத்தார். அந்தத் திருடனைப் பிடித்து நாலு சாத்து சாத்தினால்தான் மனசு ஆறும் என்று தோன்றியது. அதற்குப் பிறகு போன் செய்து கொள்ளலாம்.

அன்று ராத்திரியே மனைவியிடம் ஒரு பொய்யைச் சொல்லி வைத்தார்.

"காலையில நாலரைக்கே நான் போகணும். ஒரு கிடங்குப் பூட்டு மாட்டிக்கிச்சாம்."

"நானும் நடக்கப் போயிடுவேன்," என்றார் மனைவி.

சனிக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு வெளியே வந்தார். தொட்டியிலிருந்து மூட்டைகளைத் தூக்கித் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் போட்டார். தலையில் ஹெல்மெட், கையில் பெரிய ஸ்பேனர். தொட்டிக்குள் இறங்கி, காலை மடக்கி, முழங்காலை மோவாய்க்குக் கொடுத்து, மூடியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். உள்ளே போக இரண்டு பக்கிளைக் கழற்ற வேண்டியிருந்தது. அது போகட்டும் என்று விட்டார். திருடன் மூட்டையைப் போட மூடியைத் திறப்பான். திறந்ததும் பாய வேண்டியதுதான்.

காத்திருந்தார். கால் மரத்தது. மூக்கு அரித்தது. ஸ்பேனரால் சொறிந்துகொண்டார்.

யாரோ வந்தார்கள். மழைக்கோட்டு உரசுகிற சத்தம். சங்கிலி மெல்லக் குலுங்கியது. பூட்டு ஒரே திருப்பில், கிளிக்கென்று, வெண்ணெய் போலத் திறந்தது. பூட்டுக்காரருக்குத் தன்னையறியாமல் ஒரு மரியாதை வந்தது.

பிறகு ஒரு உள்ளங்கை மூடியின் மேல் வந்து அழுத்தியது. ஹெல்மெட்டில் ஒரு அழுத்து, முதுகில் ஒரு அழுத்து. எடை இருக்கிறது என்று திருப்திப்பட்டது போல இரண்டு தட்டு தட்டியது. பூட்டுக்காரர் ஸ்பேனரை ஓங்கத் தயாரானார். மூடி திறக்கவில்லை. டக், டக் என்று திறந்திருந்த இரண்டு பக்கிளும் மாட்டிக்கொண்டன.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெளியிலிருந்து மட்டும் கழற்றுகிற மூடி. உள்ளே எவன் இருக்கப் போகிறான் என்று கேட்டது அவர்தான்.

கத்தலாமா? கத்தினால் ஊர் கூடும். திருடனைப் பிடிக்கப் போனவன் தொட்டிக்குள் முட்டை போலச் சுருண்டிருப்பதைச் சலவைக்கடைக்காரன் பார்ப்பான். அதற்குச் சாவதே மேல் என்று வாயை மூடிக்கொண்டார்.

வண்டி ஒரே மிதியில் கிளம்பியது. அவர் பதினொரு மிதி மிதிப்பார். இது சும்மா கால் இல்லை, வருஷக்கணக்கில் எதையோ மிதித்து உரமேறின கால்.

வண்டி நகர்ந்தது. பூட்டுக்காரர் கண்ணை இறுக்கிக்கொண்டு சலவைக்கடைப் படிக்காகக் காத்திருந்தார். படி வரவில்லை. முதல் இடது திருப்பம் வந்தது. போச்சு, தொட்டி கிளம்பப் போகிறது என்று இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார். தொட்டி கிளம்பவில்லை. வண்டி வேகத்தைக் குறைத்து, பெரிய வட்டமாக, துணியை ஊசிக்குக் கீழே நைசாகத் திருப்புகிற மாதிரி திரும்பியது. அடுத்தது வலது. பிறகு ஒரு நாய் குறுக்கே வந்திருக்க வேண்டும், பிரேக் விழுந்தது. வண்டி எந்தப் பக்கமும் பாயாமல் நின்று, நாய் போன பிறகு கிளம்பியது.

கொஞ்ச தூரம் போனதும் பூட்டுக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

பைபாஸில் வண்டி வேகம் எடுத்தது. மூடியின் தையல் ஓரமாகக் காற்று விசிலடித்தது. தொட்டி தாலாட்டியது. அறுபத்திரண்டு வயதில் முதல்முறையாக, எந்தப் பக்கம் போகிறோம் என்று தெரியாமல், யார் ஓட்டுகிறார்கள் என்று தெரியாமல், வேறு ஒருவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு அவர் உட்கார்ந்திருந்தார். முதுகு அரிக்கவில்லை. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பொட்டலுக்குள் இறங்கி வண்டி எட்டுப் போட்டபோது, "அப்படித்தான், அப்படித்தான்," என்று ஹெல்மெட்டுக்குள் முணுமுணுத்தார்.

இவனை அடிக்கக் கூடாது என்று முடிவு செய்தார். காலில் விழுந்தாவது நாளைக்கு ஒருநாள் வண்டி ஓட்டக் கேட்க வேண்டும். திருடனாக இருந்தால் என்ன? பேத்தியைப் பார்க்க வேண்டும். இவன் கையில் மனைவியையும் தைரியமாக ஒப்படைக்கலாம். வேண்டுமானால் தான் மொபெட்டில் பின்னாலேயே வந்துவிடலாம்.

வண்டி மெல்ல நின்றது. இன்ஜின் அடங்கியது. சூடான ரொட்டி வாசனை தார்ப்பாயைத் தாண்டி உள்ளே வந்தது. பூட்டுக்காரர் தொண்டையைச் சரி செய்துகொண்டு, மரியாதையாக எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தபோது, பேக்கரிக்காரர் குரல் காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது.

"நான்தான் சொன்னேனே அக்கா, அண்ணன் எடைக்கு அஞ்சு மூட்டை பத்தாதுன்னு! இன்னைக்கு ஆறு போட்டீங்க போல, வண்டி நூல் பிடிச்ச மாதிரி வருது. நாளைக்கு அண்ணனையே தூக்கித் தொட்டியில உக்கார வெச்சுக்கிட்டு தைரியமாப் பேத்தியைப் பாக்கக் கிளம்புங்க!"